செய்தி சொல்லப் போகிற ஆள்

நாலு அங்குலப் பனிக்கு ஒரு நகரமே படுத்துவிடுமா? படுத்துவிட்டது. இருபத்தெட்டு வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த ஊர்க்காரருக்கு மழை பழக்கம், பனி பழக்கமில்லை. ரொறன்ரோவில் என் மகள் இடுப்பளவு பனிக்குள் கார் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். இங்கே கணுக்கால் மூடினால் பள்ளிக்கூடம் பூட்டு, ரயில் நிறுத்தம், கவுன்சிலிடம் தெருவுக்குத் தூவ உப்பில்லை. அன்று காலை ஆறு மணிக்கு ரேடியோவில் சொன்னார்கள், லண்டன் முழுவதும் ஒரு பஸ்கூட ஓடாது என்று. ஸ்ட்ரெதம் பெரிய ரோட்டில் ஒரு 159ஆம் நம்பர் பஸ் குறுக்கே திரும்பி நின்றதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாரதி முதல்நாளே அதை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் காலத்தில் பஸ்ஸை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால் வேலை போயிருக்கும்.

பனியைத் திட்டுவது எனக்கு இப்போது சுகமாக இருக்கிறது. யார் கேட்டாலும் பனி என்றுதான் சொல்கிறேன். எல்லோரும் நம்புகிறார்கள். அன்றைக்கு லண்டனில் யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்?

என் பெயர் பாலேந்திரா. வயது அறுபத்தாறு. சாவகச்சேரியிலிருந்து வந்து முப்பத்தைந்து வருடம். பஸ் ஓட்டியதைத் தவிர இன்னொரு வேலைக்கும் எங்கள் ஆட்களுக்குள் என்னைத் தெரியும். செத்த செய்தி சொல்லப் போகிற ஆள் நான்தான். எங்களில் யாரும் ஒரு சாவைப் போனில் நேரே சொல்வதில்லை, அதுவும் ஆள் வீட்டில் தனியே இருந்தால் சொல்லவே மாட்டார்கள். ஊரில் தாய் செத்தால், லண்டனில் இருக்கிற மகனுக்கு அல்ல, மகனுக்குப் பக்கத்தில் இருக்கிற யாருக்காவது போன் வரும். "நீங்கள் ஒருக்காப் போய் அவரோட இருங்கோ" என்பார்கள். அந்த யாராவது பெரும்பாலும் நானாக இருப்பேன்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. வாசலில் வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது. உள்ளே போய், கோட்டைக் கழற்றாமல் இருக்க வேண்டும். "அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்" என்று தொடங்க வேண்டும். ஆள் துள்ளி எழும்பினால், "உம்மைக் கேட்டவவாம்" என்று சொல்ல வேண்டும். பிறகு, "வெளிக்கிடும், தமையன் வீட்டை போவம்." போகிற வழியில் ஆளுக்குத் தானாகவே விளங்கிவிடும். தமையன் வீட்டு வாசலில் செருப்புகளைக் கண்டதும் அழத் தொடங்கிவிடுவார். இதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. மாடியிலிருந்து தள்ளிவிடாமல் படியால் இறக்கிவிடுகிற மாதிரி என்று நினைத்தேன். எத்தனை வீடுகளுக்குப் போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒருமுறை பஸ்தியாம்பிள்ளை வீட்டுக்கு ட்ரில் மெசின் இரவல் கேட்டுப் போனேன். கதவைத் திறந்த அவருடைய மனுசி என்னைக் கண்டதும், "ஐயோ, ஆர்?" என்று கத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். தண்ணீர் தெளிக்க வேண்டியதாகப் போயிற்று. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ கலியாண வீடுகளில் சிரித்திருக்கிறோம்.

சிரிக்காத ஒரே ஆள் என் தம்பி கணேஸ்வரன். அவன் அப்டன் பார்க்கில் இருந்தான். என்னைவிட ஒன்பது வயது இளையவன், அம்மாவின் கடைக்குட்டி. ஆறு வருடமாக நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அம்மா ஊரில் செத்துப்போனா. அந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியபிள்ளையாகியிருந்த கணேஸின் மகள் மிதுஷாவுக்குச் சாமத்தியவீடு. மண்டபம் எடுத்து, நானூறு பேருக்குச் சொல்லி, பிள்ளைக்கு மூன்று பட்டுச்சேலை வந்து, எல்லாம் முடிந்திருந்தது. சாவு என்று சொன்னால் துடக்கு, தீட்டு. எல்லாம் நிற்கும். செய்தி முதலில் எனக்குத்தான் வந்தது. நான் கணேஸிடம், "அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமை, ஆனா டொக்டர் பயப்பிட வேண்டாம் எண்டு சொல்லுறார்" என்றேன். பிள்ளையின் நல்ல காரியம் நடக்கட்டும், பிறகு சொல்வோம் என்று நானே முடிவெடுத்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானே எடுத்தேன்.

அவன் நாலு நாள் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தான். விம்பிள்டன் பிள்ளையாருக்கு நாலு நாளும் வேலை முடிந்து ரயிலேறிப் போய் அம்மாவின் பேர் நட்சத்திரம் சொல்லி அருச்சனை செய்தான். ஊரில் வெள்ளிக்கிழமை அம்மாவை எரித்துவிட்டார்கள். தாய்க்குக் கொள்ளி வைக்கிற உரிமை கடைசி மகனுக்கு. யாரோ ஒரு சித்தப்பாவின் மகன் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கணேஸ் பட்டு வேட்டியோடு எல்லோரையும் கைகூப்பி வரவேற்றான். வீடியோவில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். திங்கட்கிழமை நான் போய்க் கோட்டைக் கழற்றாமல் இருந்தேன்.

அவன் கத்தவில்லை. "செத்த மனுசிக்கு அருச்சனை செய்ய வைச்சிட்டியள் அண்ணை" என்றான். "என்ரை அம்மாவின்ரை முகத்தைப் பாக்கிறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்க நீங்கள் ஆர்?" கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், நான் வெளியே போகும்வரை. எனக்கும் கோபம் வந்தது. உன் பிள்ளைக்காகத்தானே செய்தேன், நன்றி கெட்டவனே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவனுடைய நம்பர், மனைவி தர்ஷினியுடைய நம்பர், வீட்டு நம்பர் எல்லாவற்றையும் என் போனில் தடுத்து வைத்தேன். அவை தடுத்தபடியே கிடந்தன.

கார்த்திகை மாதம் அவனுக்கு ஈரலில் வருத்தம் என்று கேள்விப்பட்டேன். மார்கழியில் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் மனுசி ருக்குமணி மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோ போயிருந்தாள். அங்கிருந்து ஒவ்வொரு நாளும் போனில் சண்டை. "போய்ப் பாருங்கோ. போய் மன்னிப்புக் கேட்டா உங்கட கிரீடம் விழுந்துபோகுமோ?" தைப்பொங்கலுக்குப் போகிறேன் என்று சொன்னேன். பொங்கலை ஒரு சாட்டாக வைத்துப் போகலாம், ஒரு பெட்டி சர்க்கரைப் பொங்கலோடு, நல்ல நாளில் அவன் துரத்தமாட்டான். சொல்ல வேண்டியதைக்கூட யோசித்து வைத்திருந்தேன். பனி கொட்டியது பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பு.

காலை பத்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கதவு தட்டுப்பட்டது. திறந்தால் கஸ்பர். பாசையூர் ஆள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். ஒரு காலத்தில் கணேஸோடு ஒரே பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்தவன், அவனுக்கு நல்ல சிநேகிதன். முழங்கால்வரை நனைந்திருந்தான். தொப்பியில் பனி. முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். முப்பது வருடமாக நான் வைத்துக்கொண்டு போகிற முகம் அது.

"உள்ளுக்கை வரட்டோ அண்ணை?"

வந்தான். இருந்தான். கோட்டைக் கழற்றவில்லை.

"தர்ஷினி அக்கா உங்களுக்குக் காலமை துவக்கம் அடிச்சவவாம். போகேல்லையாம். பேந்து ஆஸ்பத்திரி போனிலையிருந்தும் அடிச்சவவாம்." தெரியாத நம்பர் ஒன்று காலையில் நாலு முறை வந்ததுதான். தெரியாத நம்பரை நான் எடுப்பதில்லை, எல்லாம் ஏமாற்றுக்காரர்.

"கணேஸ் அண்ணைக்குக் கொஞ்சம் கடுமையாம் அண்ணை."

அவன் அடுத்ததைச் சொல்வான் என்று தெரியும்.

"உங்களைக் கேட்டவராம். அண்ணையை வரச்சொல்லு எண்டு."

அதுவும் வந்தது. மூன்றாவது என்ன என்று எனக்குத் தெரியாதா?

"வெளிக்கிடுங்கோ அண்ணை, போவம்."

கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போட்டு அழவில்லை. தம்பி போய்விட்டான் என்று எனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். அதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. உயிரோடு இருக்கிற கணேஸின் கண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற வேலை இனி இல்லை.

"கெதியா அண்ணை. பஸ் இல்லை. பிரிக்ஸ்டன் மட்டும் நடந்தமெண்டா நிலத்துக்குக் கீழை ரியூப் ரயில் ஓடுதாம்."

"என்னத்துக்கு ஓட்டம் கஸ்பர்?" என்றேன். "இனி ஆர் ஓடிப் போகப்போறார்?"

அவன் விழித்தான். "என்ன அண்ணை சொல்லுறியள்? ஆள் கதைக்கிறாராம். உங்களைத்தான் கேக்கிறாராம்."

"டேய், எனக்கேயோ?" எனக்கு அந்த நேரத்திலும் கோபம் வந்தது. "உந்த வேலையை உனக்கு முதல் முப்பது வருசமா நான் செய்தனான். கோட்டைக் கழட்டாமல் வந்து இருக்கிறாய். கடுமை எண்டுறாய். கேட்டவர் எண்டுறாய். உன்னிலை பிழையில்லை, நல்லாத்தான் சொன்னனி. ஆனா என்னட்டை வேண்டாம்."

"சத்தியமா அண்ணை, அக்கா எனக்கு அப்பிடித்தான் சொன்னவ." பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். "இஞ்சை, நீங்களே கதையுங்கோ. ரெண்டு வீதந்தான் சார்ஜ் கிடக்கு. நிக்கமுதல் ஒருக்காக் கதையுங்கோ."

நான் கையைத் தட்டிவிட்டேன். செத்த வீட்டுக்குப் போன் எடுத்து, செத்ததோ என்று கேட்பதா? அதுவும் ஆறு வருடம் பேசாதவன்? தர்ஷினி அழுதுகொண்டு, "ஓம் அத்தான், போயிட்டார்" என்று சொல்ல வேண்டுமா? நேரே போய் அவளுக்கு முன் நிற்பதுதான் முறை என்று நினைத்தேன். "தர்ஷினி வேறை என்ன சொன்னவ?" என்று மட்டும் கேட்டேன்.

கஸ்பர் யோசித்தான். "உங்களைத் தனிய விட வேண்டாம், கூடவே கூட்டிக்கொண்டு வரச்சொன்னவ. ஸ்னோவுக்கை விழுந்துபோவார் எண்டு."

"பாத்தியே? தனிய விட வேண்டாம்."

அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். கஸ்பர் சூது வாது தெரியாதவன். "அப்ப எனக்கும் பொய்தான் சொன்னவவோ?" என்றான் மெதுவாக. பிறகு தொப்பியைக் கழற்றினான். சிலுவை போட்டுக்கொண்டான். குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தில் போட்டான். அவன் அழுகிற சத்தம் கேத்தில் சத்தத்தோடு கேட்டது. என் வார்த்தையை நம்பித்தான் அவன் அழுதான். எனக்குத் தெரிந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் முடிந்த முடிபு. அவனுடைய போன் மேசையில் கிடந்து இருண்டுபோயிற்று. என்னுடைய சார்ஜர் அதற்குப் பொருந்தவில்லை.

பிறகு நான் செய்ததெல்லாம் மூத்தவன் செய்ய வேண்டியவை. ரொறன்ரோவில் அப்போது விடியவில்லை, ஆனாலும் ருக்குமணியை எழுப்பினேன். "கணேஸுக்குக் கொஞ்சம் கடுமை" என்றேன். "ஐயோ! எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. "காலமை" என்றேன். அவள் அழுத அழுகையில் மகளும் எழும்பிவிட்டாள். அவர்கள் இருவரும் கனடா முழுவதற்கும் சொல்லத் தொடங்கினார்கள். நான் ஊருக்கு எடுத்தேன். பிறகு எங்கள் ஊர் ஒன்றியத்துச் செயலாளர் நடராஜாவுக்கு எடுத்தேன்.

நடராஜா கொஞ்சம் நிதானமான மனுசன். "நிச்சயந்தானே பாலேந்திரா?" என்றார்.

"நான் சொல்லுறன்," என்றேன். "என்ரை தம்பி."

"அதுக்கில்லை. மன்னிச்சுக்கொள்ளும். உம்மட வாயாலை வந்தா வந்ததுதான். நல்ல படம் ஒண்டு அனுப்பும்."

படம் தேடினேன். ஆறு வருடமாக என்னிடம் அவனுடைய புதுப்படம் ஒன்றும் இல்லை. கடைசியாக இருந்தது சாமத்தியவீட்டுப் படம். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, வாய் நிறையச் சிரிப்பு. பக்கத்தில் நான் நின்றேன். என்னை வெட்டிவிட்டு அவனை அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மேலே கண்ணீர் அஞ்சலி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் கணேஸ். கீழே, தகவல்: அண்ணன் பாலேந்திரா, லண்டன். ஒரு எழுத்துப்பிழை இருந்தது, நடராஜாவுக்குச் சொல்லித் திருத்தி மறுபடி போடவைத்தேன். எனக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. நோர்வே, பாரிஸ், சிட்னி. ஒவ்வொருவருக்கும் ஒரே கதை. "ஓம், காலமைதான். ஓம், ஈரல். ஸ்னோவாலை ஒருதரும் போகேலாமல் கிடக்கு." பன்னிரண்டு மணிக்கு வெறுத்துப்போய்ப் போனை அணைத்தேன். கஸ்பருக்குப் பாணும் வாழைப்பழமும் கொடுத்தேன். குளித்தேன், முகம் வழித்தேன், வெள்ளைச் சேர்ட்டை அயன்பண்ணிப் போட்டேன். வேட்டி ஒன்றை மடித்துப் பையில் வைத்தேன். கண்ணாடிக்கு முன் நின்று, தம்பியிடம் சொல்ல வைத்திருந்ததை ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பெட்டிக்குள் கிடக்கிறவனிடம் சொல்லலாம், அவனுக்குக் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் கதவைப் பூட்டியபோது பன்னிரண்டு நாற்பது.

தெருவில் கார் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கடைத் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து சரிவில் சறுக்கி விளையாடினார்கள். வெள்ளைக்காரர்கள், என்றைக்கும் முகம் பார்க்காதவர்கள், ஒருவருக்கொருவர் ஹலோ சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கும் சொன்னார்கள். எல்லோருக்கும் அது ஒரு பெருநாள் மாதிரி இருந்தது, எனக்கு அவர்களைக் கண்டாலே எரிந்தது. பிரிக்ஸ்டன் ஹில் ரோட்டில் நான் இருமுறை விழுந்தேன். கஸ்பர் என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டான். கால்விரல்கள் விறைத்துப்போயின. வழி முழுக்கக் கணேஸின் சின்ன வயதுக் கதைகளைக் கஸ்பருக்குச் சொன்னேன். செத்தவனைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசினேன். நல்லவன், ரோசக்காரன், சாப்பாட்டில் பிரியன். என்னுடைய சைக்கிளில் முன்பாரில் வைத்துத்தான் அவனைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன் என்றும் சொன்னேன்.

பிரிக்ஸ்டனில் ரியூப் ஓடியது. மாறி ஏறி மைல் எண்டுக்கு வந்தோம். அதற்கு அப்பால் தண்டவாளம் வெளியே வருகிற இடம், எல்லாம் நிறுத்தம். மேலே வந்தால் மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் மூன்று மைல். கஸ்பர் வழியில் ஒரு கடையில் தன் போனுக்குச் சார்ஜ் கேட்டுப் பார்ப்போமா என்றான். வேண்டாம், இருட்டமுதல் போய்ச் சேருவோம் என்றேன். அதுதான் அன்று நான் அவசரப்பட்ட ஒரே இடம்.

ஆஸ்பத்திரியில் நுழைந்தபோது ஐந்து மணி. மூன்றாம் மாடி. நடையின் கடைசியில் இரண்டு கதிரைகள். ஒன்றில் தர்ஷினி, ஒன்றில் மிதுஷா. மிதுஷாவுக்கு இப்போது பத்தொன்பது வயது, ஆறு வருடத்தில் ஆள் வளர்ந்துவிட்டாள், அவனுடைய மூக்கு. என்னைக் கண்டதும் எழும்பி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "பெரியப்பா, யூ கேம்," என்றாள். "யூ கேம்." அவள் உடம்பு நடுங்கியது. இப்போதுதான் அழத் தொடங்கியவளின் நடுக்கம் அது. காலையிலிருந்து அழுகிறவளின் நடுக்கம் அப்படி இருக்காது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், எத்தனை வீடு பார்த்தவன். அப்போதுதான் எனக்கு முதல்முறை சந்தேகம் வந்தது.

"எத்தனை மணிக்கு?" என்று தர்ஷினியைக் கேட்டேன்.

"ரெண்டு நாப்பதுக்கு, அத்தான்."

பக்கத்தில் கஸ்பர், "மாதாவே" என்றான்.

காலை பத்து மணிக்கு வெளிக்கிட்டிருந்தால் இரண்டரைக்கு முன் வந்திருப்பேன். இதை நான் அந்த இடத்திலேயே கூட்டிப் பார்த்தேன், இருபத்தெட்டு வருடம் நேர அட்டவணையோடு வாழ்ந்த மூளை அதைத்தான் செய்தது. விழாமல் நடந்திருந்தால் இரண்டே காலுக்கு.

தர்ஷினி எழும்பவில்லை. கையில் கணேஸின் போனை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. "டொக்டர் காலமை ஏழு மணிக்குச் சொன்னவர், இண்டைக்குத் தாண்டாது எண்டு. நான் உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு யோசிச்சன். இவர்தான் சொன்னவர், அண்ணைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லு, எங்கட ஆக்கள் சொல்லுறமாதிரிச் சுத்திச் சொல்லாதை எண்டு. அதுதான் கஸ்பரிட்டையும் உள்ளதைத்தான் சொன்னனான். கடுமை, கேக்கிறார், கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு. வேறை என்னெண்டு சொல்லுறது?"

நான் சுவரில் சாய்ந்தேன்.

"கதவையே பாத்துக்கொண்டு கிடந்தவர். நல்ல நினைவோடதான் கிடந்தவர். அண்ணை பஸ்காரன், அவருக்குத் தெரியாத ரோட்டோ, எப்பிடியும் வந்திடுவார் எண்டவர். பதினொரு மணிபோலை இவரின்ரை போன் அடிக்கத் துவங்கினது. நீங்கள்தான் எடுக்கிறியள் எண்டு நினைச்சு என்னட்டைத் தராமல் தானே எடுத்துப் பாத்தார்." அவள் போனை என் பக்கம் திருப்பினாள். குத்துவிளக்கு இரண்டும் தெரிந்தன. பட்டு வேட்டியும் சிரிப்பும் தெரிந்தன. என் பெயர் தெரிந்தது. எழுத்துப்பிழை திருத்திய பிரதி.

"பாத்தவரோ?" என்றேன்.

"வடிவாப் பாத்தவர். வாசிச்சவர். நான் பறிக்கப் போக விடேல்லை. உங்களுக்கும் கஸ்பருக்கும் திருப்பித் திருப்பி அடிச்சன், போகேல்லை. பேந்து இவர் சிரிச்சவர், அத்தான். அம்மாவுக்குப் பிந்திச் சொன்னவர், எனக்கு முந்திச் சொல்லிப்போட்டார் எண்டவர். அதுக்குப் பிறகு கதவைப் பாக்கேல்லை. மற்றப் பக்கம் திரும்பிக் கிடந்தவர்."

அழவேண்டும் போல இருந்தது, வரவில்லை. அந்த அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலின் கால்மாடு தெரிந்தது, போர்வைக்குள் பாதங்கள் தெரிந்தன. உள்ளே போக எனக்குக் கால் எழவில்லை.

மிதுஷா என்னைக் கதிரையில் இருத்தினாள். அவளுக்குத் தாய் சொன்ன தமிழ் எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாதவள், அந்தப் படத்தை ஏதோ ஒரு கிழவர் அவசரப்பட்டுப் போட்டதாக நினைத்திருக்க வேண்டும். என் சப்பாத்துகளைப் பார்த்தாள், பனித் தண்ணீர் ஊறித் தரையில் ஓடியது. "ஓ மை கோட், பெரியப்பா. யுவர் ஃபீட்." நிலத்தில் முழங்காலில் இருந்து என் சப்பாத்து லேசை அவிழ்க்கத் தொடங்கினாள். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

தர்ஷினியும் என்னைப் பார்த்தாள். கஸ்பர் நிலத்தைப் பார்த்தான். உள்ளே கிடக்கிறவன் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சுற்றிச் சொல்லாதே என்பது. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"பத்து மணிக்கு, பிள்ளை," என்றேன். "ஸ்னோ. ஒரு பஸ்ஸும் இல்லை."

"ஏழு மணித்தியாலமா?" என்றாள் அவள். கண் நிறைந்தது. "இந்த ஸ்னோவுக்கையா? அப்பாக்காகவா?" ஒரு சப்பாத்தைக் கழற்றி, ஈரக் காலுறையை உரித்து, விறைத்துப்போன என் காலைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். சூடு வர வர நோகத் தொடங்கியது. நான் காலை இழுக்கவில்லை. அவள் மற்றச் சப்பாத்தையும் அவிழ்த்தாள்.